ரீஃபாக்டரிங்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

நாகர்கோவில், பாலிடெக்னிக் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், பிறகு இணையத்திலும் வரும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரையான டெர்மினலில் வரும் வண்ணக் குறிகளைப் படித்துப் பொருள் சொல்லும் ஒரு பைத்தான் நிரலை, அது செய்யும் வேலை மாறாமல், படிக்க எளிதாக மாற்றி எழுதுவதுதான், அதாவது ரீஃபாக்டரிங்தான், பாடம்.

அந்தக் குறியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முதலில் எண் 27 கொண்ட எஸ்கேப் எழுத்து, அடுத்து ஒரு சதுர அடைப்புக்குறி, பிறகு அரைப்புள்ளியால் பிரித்த எண்கள், கடைசியில் சிறிய ‘எம்’. 31 என்றால் எழுத்து சிவப்பு, 44 என்றால் பின்னணி நீலம், 0 என்றால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். தொல்லை 38 வரும்போதுதான். 38;5;208 என்றால் 256 வண்ணப் பட்டியலில் 208ஆம் வண்ணம், ஓர் ஆரஞ்சு. 38;2 வந்தால் அடுத்த மூன்று எண்களும் சிவப்பு, பச்சை, நீல அளவுகள். 38ஐ அறியாத நிரல் அந்த 5ஐத் தனியாக எடுத்துக்கொண்டு எழுத்தைக் கண்சிமிட்ட வைத்துவிடும். இப்போதுள்ள நிரலில் இவ்வளவும் ஒரே செயற்கூறில் (ஃபங்ஷனில்), இஃப் என்ற நிபந்தனைக்குள் இன்னோர் இஃப்பாக, வெறும் எண்களாகக் கிடக்கிறது. எண்களைப் பிரித்தெடுக்க ஒரு செயற்கூறு, அவற்றின் பொருளுக்கு ஓர் அட்டவணை, 38க்கும், பின்னணிக்கு அதே வேலையைச் செய்யும் 48க்கும் பொதுவாக ஒரு செயற்கூறு என்று பிரிக்கப்போகிறோம்.

ரீஃபாக்டரிங் என்பதை ‘மறுசீரமைப்பு’ என்று எழுதியிருந்தேன். “பிழை திருத்துவதா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அவள் கேட்டது நியாயம். வேலை மாறாது, வடிவம்தான் மாறும் என்பது சொல்லிலேயே தெரிந்தால் நல்லது.

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

டீச்சருக்கு வாழ்த்துகள். சொல் நம் ஊரிலேயே இருக்கிறது. தொல்காப்பியப் பாயிரம் “வடவேங்கடம் தென்குமரி” என்று நம் எல்லையில் தொடங்கி, “அதங்கோட் டாசாற் கரில்தபத் தெரிந்து, மயங்கா மரபின் எழுத்துமுறை காட்டி” என்று போகிறது. நம் குமரி மாவட்டத்து அதங்கோடுதான் அந்த ஆசானின் ஊர் என்று கொண்டாடுகிறோம். அந்த ‘அரில்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். பின்னல், பிணக்கம் என்று பொருள். குறுந்தொகை 91 “அரில்பவர்ப் பிரம்பின்” என்று தொடங்குகிறது, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பிரம்பங்கொடி. இஃப்புக்குள் இஃப் என்று நீங்கள் சொன்னது இதைத்தானே? அரில் களைந்து, மயங்காத முறையில் எழுத்தை அமைப்பது. ஆகவே ‘அரில்களைவு’. வினையாக ‘அரில்களை’. நிரலை அரில்களைந்தோம், அரில்களைந்த நிரல். எல்லா வடிவமும் இயல்பாக வருகிறது.

தக்கலை, திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை:

ஐயா, பாயிரத்தை இப்படிப் படித்ததே இல்லை, மகிழ்ச்சி. ஆனால் உரையாசிரியர்கள் ‘அரில் தப’ என்பதற்குக் ‘குற்றம் அற’ என்றுதானே பொருள் சொல்கிறார்கள்? அப்படியானால் அந்த மாணவியின் கேள்வி அப்படியே திரும்பி வரும். ரீஃபாக்டரிங்கில் குற்றம் எதையும் நீக்குவதில்லை. 1;38;5;208;4 கொடுத்தால் தடித்த எழுத்து, ஆரஞ்சு, அடிக்கோடு மூன்றும் முன்பு வந்தபடியே வர வேண்டும். பழைய செயற்கூறுக்கும் புதியதற்கும் ஒரே உள்ளீட்டைக் கொடுத்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் பாதி வேலை. பழையதில் ஒரு பிழை இருந்தால்கூட அதைத் தனியாகத் திருத்த வேண்டும், இதோடு கலக்கக் கூடாது.

என் வாக்கு கணக்குப் பாடத்துக்கு. பள்ளியிலேயே காரணிப்படுத்தல் படித்துவிடுகிறார்கள். x² + 5x + 6 என்பதை (x + 2)(x + 3) என்று எழுதினால் மதிப்பு மாறவில்லை, வடிவம்தான் மாறியது. டீச்சர் கேட்டதும் அதுதான். ‘மறுகாரணியாக்கம்’ என்று வைக்கலாம்.

மார்த்தாண்டம்:

தம்பி, கணக்கு உவமை அருமை, மறுக்கவில்லை. ஆனால் காரணி, காரணத்தின் வழி வந்தது. காரணம் வடசொல். கூறு என்ற நல்ல தமிழ் இருக்கும்போது ஏன் அங்கே போக வேண்டும்? தவிர, கணக்கை விட்டு வெளியே வந்தால் காரணி என்றால் ஒன்றை விளைவிப்பது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். உரையைப் பற்றியும் ஒரு சொல். குற்றம் என்பது அந்த இடத்துக்கு உரைகாரர் கொண்ட பொருள். சொல்லின் வேர்ப்பொருள் பின்னல்தான்.

கருங்கல், தன்னார்வ மொழிபெயர்ப்பாளர்:

வடசொல் என்று தள்ளினால் தொல்காப்பியரையே தள்ள வேண்டிவரும் ஐயா. “வடசொற் கிளவி வடவெழுத் தொரீஇ” என்று அவரே வழிவிட்டிருக்கிறார், “கடிசொல் இல்லைக் காலத்துப் படினே” என்றும் சொல்லிவிட்டார். எனக்குக் காரணியாக்கம் பிடிக்காததற்குக் காரணம் வேறு. வாய்க்குள் உருளவில்லை. இரண்டு நிரலாளர்கள் டீக்கடையில் பேசும்போது வர வேண்டிய சொல் இது.

எங்கள் பக்கத்தில் வீட்டைத் துப்புரவாக, ஒழுங்காக வைப்பதை வெடிப்பாக்குதல் என்போம். மலையாளத்திலும் உண்டு. ‘நிரலை வெடிப்பாக்கினேன்’ என்றால் புதிதாக எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுத்துப்போடவில்லை என்பது தானாகவே வந்துவிடுகிறது.

தக்கலை:

அண்ணாச்சி, நம் மாவட்டத்துக்குள் சரி. மதுரையில் வெடிப்பு என்றால் சுவரில் விழுவது. நிரல் பிளந்துபோயிற்று என்று நினைப்பார்கள். கையேடு இணையத்திலும் வரும் என்றுதானே டீச்சர் சொல்கிறார்கள்.

கருங்கல்:

1956க்கு முன் நாம் திருவிதாங்கூரில் இருந்ததால் நம் பேச்சுச் சொற்களெல்லாம் எல்லைக்குள்ளேயே நின்றுவிட வேண்டுமா? பொதுத்தமிழுக்கு மாவட்டங்கள்தான் சொல் கொடுக்கின்றன. சரி, இதில் பிடிவாதம் பிடிக்கவில்லை.

மார்த்தாண்டம்:

டீச்சர் எழுதிய வண்ணக் குறியைப் பற்றிக் கொஞ்சம் யோசித்தேன். பகுபத உறுப்பிலக்கணமே அதில் இருக்கிறதே! கடைசி ‘எம்’ தான் விகுதி, அல்லவா?

தக்கலை:

அப்படியேதான் ஐயா. ‘எம்’ வந்தால் வண்ணமும் எழுத்தின் தோற்றமும். அதே தொடக்கத்தோடு ‘ஜே’ வந்தால் திரையை அழிக்கும், ‘எச்’ வந்தால் கர்சர் இடம் மாறும். முன்னால் இருக்கும் எண்களுக்கு என்ன பொருள் என்பது விகுதியைப் பார்த்த பிறகுதான் தெரியும். மாணவர்களுக்கு இப்படியே சொல்லலாம்.

மார்த்தாண்டம்:

அப்படியானால் 38;2;255;135;0 என்பது நிரனிறைப் பொருள்கோள். எண்கள் நிற்கும் வரிசையிலேயே சிவப்பு, பச்சை, நீலம் என்று கொள்ள வேண்டும். 38 எங்கே முடிகிறது என்று தெரியாமல் 5ஐத் தனிச் சொல்லாகக் கொள்ளும் நிரல், தொடரைத் தவறான இடத்தில் பிரித்துவிடுகிறது.

தக்கலை:

அதற்குக் காரணமே அரைப்புள்ளி இரண்டு வேலை செய்வதுதான். கட்டளைகளையும் பிரிக்கிறது, ஒரே கட்டளையின் உள்ளுறுப்புகளையும் பிரிக்கிறது. உள்ளுறுப்புகளுக்கு முக்காற்புள்ளி போடும் முறையும் தரநிலையில் உண்டு, சில டெர்மினல்கள் ஏற்கும். ஆனால் புழக்கத்தில் அரைப்புள்ளிதான் அதிகம். டீச்சர், பொதுச் செயற்கூறுக்கு ‘நிரனிறை_வண்ணம்’ என்று பெயர் வைத்துவிடுங்கள். பைத்தான் தமிழ்ப் பெயரை ஏற்கும்.

நாகர்கோவில்:

விகுதி விளக்கம் கையேட்டில் சேர்ந்துவிட்டது, ஐயாவுக்கு நன்றி. நாளை அச்சு. பெரும்பாலானோர் பழகிய சொல்லையே விரும்புவதால் ‘மறு’வை எடுத்துவிட்டுச் ‘சீரமைப்பு’ என்று வைக்கிறேன். முதல் முறை வருமிடத்தில் ‘வேலை மாறாச் சீரமைப்பு’, அப்புறம் வெறும் சீரமைப்பு. மாணவி கேட்ட கேள்விக்கு ‘மாறா’ பதில் சொல்கிறது. எனக்கும் இது முழு நிறைவு தரவில்லை, ஆனால் வகுப்பில் இதைச் சொன்னால் விளங்கும்.

கருங்கல்:

ஒத்துக்கொள்கிறேன்.

தக்கலை:

எனக்கும் சரி. இரண்டாம் பதிப்பில் காரணியை மறுபடி எடுக்கலாம்.

மார்த்தாண்டம்:

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சாலையையும் சீரமைக்கிறார்கள், கட்சியையும் சீரமைக்கிறார்கள், இரண்டும் பழையபடி வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அல்ல. கலைச்சொல் என்றால் அதற்கென்று ஒரு தனி இடம் வேண்டும். டீச்சர், பின்னிணைப்புச் சொற்பட்டியலில் ‘அரில்களைவு’ என்பதையும் ஒரு வரி சேருங்கள். ஒரு மாணவன் அதை எடுத்துப் புழங்கினாலும் போதும்.