சார்ட்ல எழுத்து, கோடு சைஸ விகிதமா வைக்க வழி சொல்லுங்க அண்ணாச்சி

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். பாபநாசம் (முழு மட்டம் 143 அடி), சேர்வலாறு (156), மணிமுத்தாறு (118) மூணு அணை நீர்மட்டத்தையும் பைத்தான்ல சார்ட் வரையுத மேட்ப்ளாட்லிப்ங்கிற லைப்ரரில தினமும் வரைஞ்சு நம்ம விவசாயிங்க வாட்ஸ்அப் குரூப்ல போடுதேன், அதையே ஏ4ல பிரிண்ட் எடுத்து டீக்கடைலயும் ஒட்டணும், வயசானவோ அங்கதான் பாப்பாங்க.

சிக்கல் என்னன்னா படத்தோட அளவு இஞ்ச்ல, எழுத்தும் கோடும் பாயிண்ட்ல, 72 பாயிண்ட் ஒரு இஞ்ச். டீஃபால்ட் 6.4க்கு 4.8 இஞ்ச்ல 10 பாயிண்ட் எழுத்து நல்லாத்தான் தெரியுது, படத்த ரெண்டு மடங்கு ஆக்குனா எழுத்து அதே 10லதான் நிக்கி, போன்ல கடுகு மாதிரி தெரியுது. டிபிஐ (ஒரு இஞ்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கிறது) மட்டும் கூட்டுனா எல்லாம் சேந்து வளருது, ஆனா ஏ4க்கு நீள அகல விகிதமே வேற, அங்க அது உதவலை.

இப்போ படத்தோட உயரம் (இஞ்ச்ல) × 72 × 0.03னு கணக்கு போட்டு ஃபாண்ட்.சைஸ்ங்கிற எழுத்து அளவு செட்டிங்ல குடுக்கேன். 4.8 இஞ்ச்சுக்கு 10.4 வருது. தலைப்பு 'லார்ஜ்'னு இருக்கதால அடிப்படைக்கு 1.2 மடங்கா அதுவே ஏறிக்கிடுது. ஆனா கோட்டுத் தடிமன் 1.5 பாயிண்ட்லயே நிக்கி, மார்க்கரும் (கோட்டு மேல வைக்கிற புள்ளி) அச்சுல உள்ள சின்னக் கோடும் அப்படித்தான்.

இது எல்லாத்தையும் ஒரே எண்ணோட கட்டிப்போட வழி இருக்கா, இல்ல ஒவ்வொண்ணா பெருக்கணுமா? செஞ்சு பாத்தவங்க கோட் இருந்தா போடுங்க, மழை பிடிக்கதுக்குள்ள சரி பண்ணிரணும்.