பாளையங்கோட்டை வளவுக் குழு: கிழக்குச் சுவர் ஓட்டை

[காலை 7:12] வடக்கு வீட்டு மைனி: கிழக்குச் சுவர் ஓட்டையில் கொசு மாதிரி மொய்க்கிறது. வெள்ளையடிக்கும் முன் இன்றைக்குக் கொத்தனார் வருகிறார், சிமெண்ட் வைத்து அடைத்துவிடச் சொல்லட்டுமா?

[7:14] வாத்தியார் அண்ணாச்சி: அடைக்காதே தாயி! அது கொசுத்தேனீ. கொட்டாது.

[7:15] வடக்கு வீட்டு மைனி: நேற்று சின்னவன் தலைமுடிக்குள் புகுந்து கடித்துவிட்டது அண்ணாச்சி. ஒரே அழுகை.

[7:18] வாத்தியார் அண்ணாச்சி: கூட்டைக் குச்சியால் நோண்டினால் கடிக்கத்தான் செய்யும். குச்சியை வாங்கி வை. கிட்டே போய்ப் பார், ஓட்டையிலிருந்து சுண்டுவிரல் மாதிரி பழுப்பு மெழுகுக் குழல் நீட்டிக்கொண்டிருக்கும். மரப்பிசினும் மெழுகும் குழைத்துக் கட்டிய வாசல். குழல் வாயில் ஏழெட்டுத் தலை வட்டமாக வெளியே பார்த்தபடி இருக்கும், அதெல்லாம் காவல்.

[7:21] மாடி வீட்டு ஆச்சி: நான் வாக்கப்பட்டு வந்தப்பவே அங்கே இருந்ததுடி. அந்தத் தேன் புளிப்பும் இனிப்புமா இருக்கும்.

[7:24] வாத்தியார் அண்ணாச்சி: பாளையில் ஓட்டு வீடெல்லாம் போய்க் கான்கிரீட் ஆகிவிட்டது ஆச்சி, அதற்குப் பொந்து எங்கே கிடைக்கும்? மார்த்தாண்டத்தில் எங்கள் மாமா பெட்டிக்குள் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத்தேனீ வளர்த்தார். 1990களின் தொடக்கத்தில் வைரஸ் நோய் வந்து பெட்டி பெட்டியாகக் காலியானது. அந்தக் காலிப் பெட்டிகளைப் பார்த்தவன் நான்.

[7:31] கடைசி வீட்டுத் தம்பி: அண்ணாச்சி, மாடியில் பூசணிப் பிஞ்சு வெம்பி வெம்பி விழுகிறது. மருந்து அடித்தும் நிற்கவில்லை.

[7:32] வாத்தியார் அண்ணாச்சி: எப்போது அடித்தாய்?

[7:32] கடைசி வீட்டுத் தம்பி: காலையில், வேலைக்குப் போகுமுன்.

[7:37] வாத்தியார் அண்ணாச்சி: அங்கேதான் கோளாறு. பூசணிப் பூ விடியும்போது விரிந்து உச்சிக்குள் சுருங்கிவிடும். ஆண்பூத் தூளைப் பெண்பூவுக்குத் தேனீ கொண்டுபோகிற நேரம் அதுதான். தூள் சேராவிட்டாலும் பிஞ்சு வெம்பும். மருந்தை நிறுத்து. வேப்பெண்ணெய்கூட அந்தி சாய்ந்த பிறகுதான். நாளைக்கு ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் தடவிப் பார்.

[7:39] கடைசி வீட்டுத் தம்பி: கத்தரி மட்டும் நன்றாகக் காய்க்கிறதே?

[7:43] வாத்தியார் அண்ணாச்சி: கத்தரிப் பூவில் தூள் குழலுக்குள் அடைந்திருக்கும், நுனித் துளை வழியாகத்தான் வரும். பெரிய கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து ம்ம்ம் என்று அதிர்த்து உதிர்க்கும். அதுவும் தேனீ இனம்தான். கொசுத்தேனீக்கு அந்த வித்தை தெரியாது. உன் மாடியில் கிடக்கும் காய்ந்த மூங்கிலில் துளை இருந்தால் எரித்துவிடாதே, அது அதன் வீடாக இருக்கும்.

[7:46] மாடி வீட்டு ஆச்சி: துளசிப் பூவை எல்லாம் கிள்ளாதீங்கன்னு பிள்ளைகள்ட்ட சொல்லு. கொஞ்சம் நிக்கட்டும்.

[8:20] வடக்கு வீட்டு மைனி: கொத்தனார் வந்தாச்சு. குழலைச் சுற்றி ஒரு சாண் விட்டுக் கரித்துண்டால் வட்டம் போட்டுவிட்டேன், அதற்குள் கரண்டி படக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சின்னவன் குச்சி என் கையில்.

[மறுநாள் காலை 6:25] கடைசி வீட்டுத் தம்பி: மூன்று ஆண்பூ, ஒரு பெண்பூ விரிந்திருக்கிறது. தடவலாம் என்று குனிந்தேன். பெண்பூவுக்குள் ஏற்கெனவே ஒரு கொசுத்தேனீ, உடம்பெல்லாம் மஞ்சள். அது போகட்டும் என்று நிற்கிறேன் அண்ணாச்சி.