நாய் சொன்னதைக் கேட்காமல் விட்ட நாள்: ரிட்ரீவர் (சுட்ட பறவையை எடுத்துவரும் வேட்டைநாய்) வளர்ப்போர் புனைபெயரில் பகிர்ந்த அனுபவங்கள்

சம்பங்கோரை, வடக்கு டகோட்டா

இது அக்டோபர் மூன்றாம் வாரம், ஜேம்ஸ்டவுனுக்கு வடக்கே நாங்கள் வழக்கமாகப் போகும் குட்டையில் நடந்தது. கிளுவைகள் என்னும் சிறு வாத்துகள் செப்டம்பரிலேயே தெற்கே போய்விட்டதால் வந்தவை பெரும்பாலும் மல்லார்டு என்னும் காட்டு வாத்துகள். பொம்மை வாத்துகளைப் பார்த்து இறங்கிய ஒரு பச்சைத்தலை ஆண் வாத்தைச் சுட்டேன். அது சிறகை விரித்தபடியே சாய்ந்து, அக்கரையிலிருந்த கோரைப் புதருக்கு வலப்பக்கம் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

என் கறுப்பு லாப்ரடாருக்கு நான்கு வயது. அனுப்பியதும் நேராக நீந்திப் போனவள், புதரை நெருங்கியதும் இடப்பக்கம் திரும்பினாள். நான் ஊதினேன். ஒற்றை ஊதல் கேட்டால் அந்த இடத்திலேயே நின்று என்னைப் பார்க்க வேண்டும் என்பது, இரண்டு கோடைக்காலம் முழுவதும் டம்மிகளை (பறவைக்குப் பதிலாக எறியும் பயிற்சிப் பொருள்) எறிந்து எறிந்து நான் கற்றுக்கொடுத்த பாடம். நின்றாள். வலக்கையை நீட்டினேன், போனாள். பத்தடி போனதும் மூக்கை உயர்த்தி மீண்டும் இடப்பக்கம் சாய்ந்தாள். மறுபடியும் ஊதினேன். மூன்றாம் முறை ஊதியபோது உடல் என் பக்கம் திரும்பியது, ஆனால் கண் அந்தக் கோரையை விட்டு வரவில்லை. பிறகு கீழ்ப்படிந்தாள். நான் காட்டிய இடத்தில் இருபது நிமிடம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. காற்று இடப்பக்கத்திலிருந்து வீசிக்கொண்டிருந்ததை அப்போது நான் எண்ணியே பார்க்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து நான் பொம்மைகளைச் சேகரித்துக்கொண்டிருந்தபோது, யாரும் சொல்லாமலே அவள் இடப்பக்கக் கோரைக்குள் நுழைந்து, அந்த வாத்தை உயிரோடு கொண்டுவந்தாள். ஒரு சிறகு மட்டுமே ஒடிந்திருந்தது. விழுந்ததும் உடலை நீருக்குள் தாழ்த்திக்கொண்டு, அலகு மட்டும் வெளியே தெரிய நீந்திப் போய் அங்கே ஒளிந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரம் அது குளிர்நீரில் வலியோடு கிடந்ததற்கு நானே காரணம். வாத்தை என் கையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் வாலை ஆட்டாமல், ஊதல் தொங்கிய என் மார்பையே பார்த்துக்கொண்டு அவள் நின்றதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

ஏரிக்கரைக்காரி, மினசோட்டா

அண்ணா, உங்கள் நாய் மூக்கால் சொன்னது; என் நாய் காலால் சொன்னது, நானும் கேட்கவில்லை.

பதினான்கு மாத மஞ்சள் லாப்ரடாரை அந்த ஆண்டு முதன்முறையாக வேட்டைக்கு அழைத்துப் போவதென்று, ஆகஸ்ட் கடைசியில் நாள்தோறும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். டம்மியைக் கண்டாலே உடம்பெல்லாம் துள்ளும் நாய் அது. எட்டாவது எறிதலில் அவளுடைய பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. இளம் நாய்கள் சலிப்பு வந்தால் நடிக்கும், விட்டுக்கொடுக்கக் கூடாது என்று ஒரு பயிற்சியாளர் எனக்குச் சொல்லியிருந்தார். அதை நம்பி, திரும்பி வரச் சொல்லும் ஊதலை விடாமல் ஊதினேன். அவள் வந்தாள். இரண்டு பின்னங்கால்களும் துணிபோலத் தரையில் இழுபட, முன்னங்கால்களால் உடலை இழுத்துக்கொண்டு வந்தாள். வாயிலிருந்த டம்மியை அப்போதும் கீழே விடவில்லை.

நிழலில் தூக்கிப் போட்டு உடம்பை நனைத்தேன். இருபது நிமிடத்தில் ஒன்றுமே நடவாததுபோல் எழுந்து நின்றாள். இரத்தப் பரிசோதனையில், கடும் ஓட்டத்தாலும் பரபரப்பாலும் லாப்ரடார்கள் கால் தளர்ந்து விழும் பரம்பரைக் குறை என்று தெரிந்தது. அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை எங்கள் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டிருக்கிறார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் நாய் விழும். குட்டியை விற்றவர் இருவரையும் சோதித்திருக்கவில்லை. கேட்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியவில்லை. சில நாய்கள் அப்படி விழுந்த இடத்திலேயே இறந்துவிடுகின்றன என்று மருத்துவர் சொன்னபோது, நான் ஊதிய ஒவ்வொரு ஊதலும் காதில் திரும்பக் கேட்டது.

பழைய கைத்துப்பாக்கி, சஸ்காச்சுவான்

தம்பி, உங்கள் தவறு ஊதலில் தொடங்கவில்லை. பறவை சிறகை விரித்தபடி சாய்ந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தலை தொங்கிக் கல்லைப்போல் விழுந்தால்தான் அது செத்த பறவை. சிறகை விரித்துச் சாய்ந்தால் அது தரையைத் தொட்டதும் ஓடும், நீரைத் தொட்டதும் நீந்தும். எத்தனை கஜத்தில் சுட்டீர்கள் என்பதையும் எழுதவில்லை. உங்கள் அமெரிக்காவில் 1991 முதலும் இங்கே கனடாவில் 1999 முதலும் நீர்ப்பறவையைச் சுட ஈய ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) கூடாது. குட்டையடியில் கிடந்த ஈயத்தைக் கல்லென்று விழுங்கி வாத்துகள் நஞ்சேறிச் செத்ததால் வந்த நல்ல சட்டம் அது. ஆனால் எஃகு ரவை ஈயத்தைவிட எடை குறைந்தது, தூரம் கூடக்கூட வேகத்தை விரைவில் இழந்துவிடும். ஆகவே இன்னும் நெருங்க விட்டுச் சுடுங்கள்.

எனக்கும் ஒரு நாள் உண்டு. கோதுமைத் தாள் நிறைந்த வயலில் அடிபட்ட பனிவாத்து ஒன்று மேட்டுக்கு அப்பால் போய் விழுந்தது. என் செசபீக் ரிட்ரீவர் நாய் அதன் பின்னால் போய்க் கண்ணில் மறைந்தவுடன் நான் பயந்து ஊதிக்கொண்டே இருந்தேன். கூட வந்தவர் என் கையைப் பிடித்து ஊதலை இறக்கினார். கால் மணி நேரத்தில் நாய் மேட்டின் மேல் தெரிந்தது, வாயில் வாத்தோடு.

நாய் தானே பார்த்த பறவையை எடுப்பதும், பார்க்காத பறவையை நம் கை காட்டி எடுக்கச் செய்வதும் இரண்டு வேறு வேலைகள். முதலாவதில், பறவை விழுந்த பகுதிக்கு நாய் போய்ச் சேர்ந்துவிட்டால் அதன்பின் ஊதலைத் தொடவே கூடாது. இதைக் கோடையிலேயே பழக்குங்கள். உதவிக்கு ஒருவரைக் கோரைக்குள் நிறுத்தி, நாயின் கண்ணெதிரே டம்மியை எறியச் சொல்லி, பிறகு நாய் பார்க்காதபோது அதைத் தரையோடு இழுத்துப் பதினைந்து கஜம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கம் என்று ஒரு புல்லைக் கிள்ளிப் பறக்கவிட்டுப் பார்த்துக்கொண்ட பிறகே நாயை அனுப்புங்கள். மூக்கு தரையில் இறங்கி வால் வேகமெடுத்தால் அது தடத்தைப் பிடித்துவிட்டது, பேசாமல் நில்லுங்கள்.

தங்கை சொன்ன குறை உண்மைதான். ஆனாலும் ஆகஸ்ட் வெயிலில் எட்டு முறை ஓடினால் எந்த லாப்ரடாருக்கும் உடல் கொதிக்கும். விடியற்காலையில், தண்ணீருக்கு அருகில் மட்டும் பழக்குங்கள்.

மேப்பிள்நிழல், விஸ்கான்சின்

ஐயா, அந்தச் சகோதரி வெயிலைப் பற்றிக் கேட்கவில்லை, பரிசோதித்துத் தெரிந்ததைச் சொன்னார். ஊதலைத் தொடவே கூடாது என்பதையும் என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. நாங்கள் சுடும் இடத்துக்கு இருநூறு கஜத்தில் நெடுஞ்சாலை இருக்கிறது. அங்கே ஒற்றை ஊதலுக்கு நிற்காத நாய் வீடு திரும்பாது.

என்னுடையது கோல்டன் ரிட்ரீவர், அப்போது ஏழு மாதம். ஊதல், டம்மி, நீச்சல் எல்லாம் நன்றாக வந்துவிட்டன என்ற நம்பிக்கையில், துப்பாக்கிச் சத்தத்தைத் தொலைவிலிருந்து சிறிது சிறிதாகப் பழக்காமலே பருவத்தின் முதல் நாள் அழைத்துப் போனேன். மறைவுக்குள் அவன் என் தொடையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான்கு துப்பாக்கிகள் ஒன்றாக வெடித்தன. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணவில்லை. பிக்கப் வண்டிக்கு அடியில், பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு, சரளையை நனைத்துவிட்டு நடுங்கிக்கொண்டிருந்தான். வயிற்றைத் தரையில் வைத்து ஊர்ந்து போய் நான் கையை நீட்டியபோது, என் சட்டையில் இருந்த வெடிமருந்து வாசனைக்கே பின்வாங்கினான். இப்போது ஆறு வயது. அலமாரியில் அந்தச் சட்டையை எடுத்தால் இன்றும் அறையை விட்டுப் போய்விடுகிறான்.

சம்பங்கோரை, வடக்கு டகோட்டா

பெரியவருக்கு: நாற்பது கஜத்துக்கு மேல் இருக்கும், நீங்கள் சொன்னது சரி. தங்கைக்கு: என் நாயின் தாய் தந்தையைச் சோதித்ததாக ஆவணம் எதுவும் என்னிடம் இல்லை, அடுத்த வாரம் இரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று அதே குட்டைக்குப் போனோம். ஓரங்களில் பனி கட்டியிருந்தது. விழுந்த வாத்து ஒன்றைத் தேடி அவள் கோரைக்குள் நுழைந்ததும் ஊதலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். பதினொரு நிமிடம் கழித்து வெறும் வாயோடு வெளியே வந்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள். நான் கையை அசைக்கவில்லை. காற்றை மோந்துவிட்டு மறுபடியும் உள்ளே போனாள். நானும் தண்ணீரில் இறங்கி அவள் பின்னால் நடந்தேன்.