பிரசவம் பார்க்கும் பணிக்கு எந்தப் படிப்பு?

கேள்வி (பிளஸ் டூ முடித்த மாணவி):
பிரசவம் பார்ப்பதையே வாழ்நாள் பணியாகக் கொள்ள விரும்புகிறேன். இரண்டு ஆண்டு ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சி) படித்தால் விரைவில் வேலைக்குப் போகலாம் என்கிறார்கள் வீட்டில். மூன்று ஆண்டு ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், மகப்பேறு பட்டயப் படிப்பு) அல்லது நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங்தான் சரி என்கிறார் தெரிந்தவர் ஒருவர். தமிழ்நாட்டில் இப்பணியில் இருப்பவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி (ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்):
அன்புத் தங்கைக்கு, ஏ.என்.எம். முடித்து அரசுப் பணிக்கு வருபவர் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராகிறார். சமவெளியில் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் ஒரு நிலையம் என்பது விதிமுறை. கர்ப்பிணியைப் பதிவு செய்வது, ரத்த அழுத்தமும் ஹீமோகுளோபினும் பார்ப்பது, தடுப்பூசி போடுவது, பிரசவத்துக்குப் பின் வீடு தேடிச் சென்று தாயையும் சேயையும் கவனிப்பது என நாள் முழுவதும் கள வேலை இருக்கும். உயிர் காக்கும் வேலை அது. எனக்கு மனநிறைவும் தந்தது. ஆனால் முன்போல் துணை நிலையத்தில் பிரசவங்கள் அதிகம் நடப்பதில்லை. பதவி உயர்வும் பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று மேற்பார்வையை நோக்கியே செல்லும்.

மறுமொழி (பிரசவ அறைச் செவிலியர்):
அக்கா சொன்னது சரி. பிரசவ அறைதான் உங்கள் விருப்பம் என்றால் ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. படியுங்கள். வயிற்றில் கை வைத்து வலி எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கணிப்பது, அரை மணிக்கொரு முறையும் தாய் முக்கத் தொடங்கியபின் ஐந்து நிமிடத்துக்கொரு முறையும் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பது, குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்குக் கருப்பையைச் சுருங்கவைத்து ரத்தப்போக்கைக் குறைக்கும் ஆக்ஸிடோசின் ஊசியை 10 யூனிட் போடுவது, நஞ்சுக்கொடி வெளிவந்ததும் தட்டில் விரித்து ஒரு துண்டுகூட உள்ளே தங்கிவிடவில்லை என்று உறுதி செய்வது ஆகியவை அங்கே நாள்தோறும் செய்து செய்தே கைக்கு வரும்.

மேற்படிப்புக்கும் வழி இருக்கிறது. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட மகப்பேறு சேவை வழிகாட்டுதல்களின்படி, பிரசவம் பார்த்த அனுபவமுள்ள ஜி.என்.எம்., பி.எஸ்சி. செவிலியர்களுக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி வகுக்கப்பட்டது. சிக்கலற்ற பிரசவத்தைத் தாமே பொறுப்பேற்று நடத்தவும், சிக்கல் தலைகாட்டும்போதே மருத்துவரிடம் ஒப்படைக்கவும் வல்லவர்களை உருவாக்குவதே அதன் நோக்கம். இப்படித் தேர்ந்தவர்களைப் பிரசவ அறையிலிருந்து வேறு வார்டுகளுக்கு மாற்றுவது பெரும் இழப்பு என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி (இங்கிலாந்தில் பணிபுரியும் செவிலியர்):
வெளிநாட்டு எண்ணம் இருந்தால் ஒன்றை இப்போதே அறிந்துகொள்ளுங்கள். இங்கே செவிலியர் பதிவும் பேறுகால மருத்துவச்சிப் பதிவும் தனித்தனி. செவிலியராகப் பதிவு பெற்றவர் அந்தத் தகுதியை மட்டும் வைத்து மருத்துவச்சியாகப் பணியாற்ற முடியாது. எங்கு படித்தாலும், சேருமுன் அந்தக் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா என்றும், மாணவிகள் பயிற்சிக்குச் செல்லும் மருத்துவமனையில் மாதம் எத்தனை பிரசவங்கள் நடக்கின்றன என்றும் நேரில் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் சேராதீர்கள்.