மறு: ‘ரெட்ரோஃபிட்’ – தமிழில் என்ன?

மொழிபெயர்ப்பாளர், திங்கள்:
வணக்கம். கட்டடங்களின் மின்செலவைக் குறைக்கும் அரசுத் திட்டங்கள் பற்றிய கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை கெடு. ‘ரெட்ரோஃபிட்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது: கட்டடத்தை இடிக்காமல் கூரைக்கு வெப்பக்காப்பு போடுவது, சன்னல் இடுக்கை அடைப்பது, பழைய குளிரூட்டியை மாற்றுவது. ‘மறுசீரமைப்பு’ என்று போட்டேன். அடுத்த பத்தியிலேயே ‘கடன் மறுசீரமைப்பு’ வந்து நிற்கிறது. ‘மறுபொருத்தம்’ சரியா?

தமிழாசிரியர், திங்கள்:
மறுபொருத்தமா? இரண்டாம் கல்யாணத்துக்குச் சாதகம் பார்ப்பது போலிருக்கிறது. கோயிலைப் பழுதுபார்க்க விட்ட நிலத்தைக் கல்வெட்டுகள் ‘புதுக்குப்புறம்’ என்கின்றன. ‘புதுக்கல்’ இருக்க வேறெதற்கு?

பொறியாளர், செவ்வாய்:
ஐயா, புதுக்குவது பழைய நிலைக்குக் கொண்டுவருவது. இதுவோ முன்பு இல்லாததைச் சேர்ப்பது. புதுக்கல் என்று எழுதினால் சுண்ணாம்பு அடித்தவரும் மானியம் கேட்பார். அமெரிக்காவில் ஏழைகளின் வீடுகளுக்கு இப்படிக் காப்பு செய்துதரும் திட்டம் 1976இல் தொடங்கியது. 2009 மந்தநிலையின்போது அதற்குச் சுமார் 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். கட்டணம் குறையும் என்பது ஒரு காரணம், வேலைவாய்ப்பு இன்னொன்று. கூரையை வெளிநாட்டுக்கு அனுப்பிக் காப்பு போட்டு வாங்க முடியாது, இருக்கிற இடத்திலேயே ஆள் வேண்டும். என் ஓட்டு ‘பின்பொருத்தல்’.

சங்க இலக்கிய அன்பர், செவ்வாய் நள்ளிரவு:
நெடுநல்வாடையில் வாடைக்காற்று புகாமல் சாத்தும் ‘போர்வாய்க் கதவம்’ நினைவிருக்கிறதா? இரு கதவும் பொருதிச் சேரும் வாய். பொரு, போர், பொருந்து, பொருத்து எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. ‘பொருநன்’ பற்றித் தனி மடலில் எழுதுகிறேன். ஆகவே ‘போர்வாய்த்தல்’!

தமிழாசிரியர், புதன்:
போர் என்ற சொல்லைப் பார்த்ததும் நிதித்துறை கோப்பை மூடிவிடும். ‘பின்பொருத்தல்’ மட்டும் என்ன வாழ்கிறது? பின்பக்கம் எதையோ பொருத்துவதாகத்தான் படிப்பார்கள்.

பொறியாளர், புதன்:
‘பின்னிணைப்பு’ என்றால் நூலின் முதுகிலா ஒட்டுகிறார்கள்? இந்த வேலைக்கு வரப்போவது கொத்தனார், தச்சர், மின்பணியாளர். அவர்கள் வாயில் நுழைய வேண்டும். அவ்வளவுதான்.

மாணவி, புதன்:
‘ரெட்ரோஃபிட்’ என்றே அவர்களுக்குப் புரியுமே அக்கா?

(இதற்கு வந்த பதினோரு மடல்களைத் தொகுப்பாளர் வேறு இழைக்கு மாற்றிவிட்டார்.)

மொழிபெயர்ப்பாளர், வெள்ளி:
நாலு பேர் பக்கம் என்பதால் ‘பின்பொருத்தல்’ போட்டுவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் ‘ஆற்றலைச் சேமிக்கும் பின்பொருத்தல்’. மனம் முழுக்க ஒப்பவில்லை. அப்புறம் இன்னொன்று. பொருத்தும் செலவு வீட்டு உரிமையாளருக்கு, கட்டணக் குறைவு வாடகைக்கு இருப்பவருக்கு. அதனால் உரிமையாளர் அசைவதே இல்லை. இந்தச் சிக்கலுக்கும் ஒரு சொல் வேண்டுமாம். இன்று மாலைக்குள்.

சங்க இலக்கிய அன்பர், வெள்ளி:
அதற்கும் ‘பொரு’விலிருந்தே தொடங்கலாம்.