வெள்ளத்தோடு போகாத இரண்டாவது தொழில் எது?

கேள்வி (கண்டாவளை):
வணக்கம். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கை எழுதுபவள் நான். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்ட இரவில் எங்கள் வளவுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. விடிந்தபோது கூட்டிலிருந்த கோழிகளில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் ஒரு நிறுவனம் ‘மாற்று வாழ்வாதாரம்’ என்று சொல்லி ஒழுங்கை முழுவதற்கும் குஞ்சுகளைக் கொடுத்திருந்தது. வயலும் போயிற்று, வயல் போனால் கைகொடுக்கும் என்று வளர்த்ததும் அதே இரவில் போயிற்று.

இப்போது சங்கத்தின் சுழற்சிக் கடன் நிதியில் சிறிது பணம் சேர்ந்திருக்கிறது. அங்கத்தவர்களில் பலர் தனியே குடும்பத்தைச் சுமப்பவர்கள். கோழி, ஆடு, தையல், வீட்டுத்தோட்டம், பனை உற்பத்தி என்று ஆளுக்கொன்றைக் கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் எதற்குக் கடன் கொடுக்கச் சொல்வீர்கள்?

பதில் 1 (ஒட்டுசுட்டான்):
அக்கா, தொழில்களை எண்ணுவதற்கு முன் ஒரு கலண்டரை எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த மாதம் காசு கைக்கு வருகிறது, எந்த மாதம் போட்ட முதல் வெளியில் கிடக்கிறது என்று குறித்துப் பாருங்கள். காலபோக நெல்லைப் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்துத் தை, மாசியில் வெட்டுகிறோம். ஆகவே வடகீழ்ப் பருவமழை உச்சத்தில் நிற்கும் கார்த்திகையிலும் மார்கழியிலும் விதை, உரம், உழவுக் கூலி என்று செலவழித்த பணம் அத்தனையும் தண்ணீர் தேங்கும் நிலத்தில்தான் கிடக்கிறது. ஐப்பசியில் வாங்கிய குஞ்சும் அதே மாதங்களில்தான் வளர்கிறது. பெயருக்கு இரண்டு தொழில், மழைக்கு ஒன்றுதான்.

பனங்கிழங்கைக் காயவைத்து எடுக்கும் ஒடியல் அப்படியன்று. ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும்; விதையைப் பாத்தியில் அடுக்கினால் தை, மாசியில் கிழங்கு கிண்டலாம். அதைத் தோலுரித்து, நெடுக்காகக் கிழித்து, பங்குனி வெயிலில் ஒடித்தால் ‘டக்’கென்று முறியும் பதம் வரும்வரை காயவிட்டு, மூடி இறுக்கமான வாளியில் போட்டு வைத்தால், அடுத்த மாரியில் அது கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய சொத்து. என் அம்மா அந்த வாளியைப் பரணை விட்டு இறக்கவே மாட்டார். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பாத்தி மாரியைக் கடந்துதான் முளைக்கிறது. பள்ளத்தில் போட்டால் விதை அழுகிவிடும். மணலை உயர்த்தி மேட்டில்தான் போட வேண்டும்.

பதில் 2 (கிளிநொச்சி):
ஒடியலைப் பற்றித் தங்கச்சி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரே ஒழுங்கையில் எல்லோரும் ஒடியல் போட்டால் பங்குனியில் வாசலுக்கு வரும் வியாபாரி சொல்வதுதான் விலை. மாரிவரை வைத்திருந்து விற்பதற்குக் கையில் வேறு காசு இருக்க வேண்டும்; கிழமைக்குக் கிழமை நுண்கடன் கட்டுபவளுக்கு அது எங்கே இருக்கிறது? 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தது. வறட்சிக்காகக் கடன் தள்ளிய அதே ஆண்டின் கடைசியில்தான் உங்கள் கோழிகள் வெள்ளத்தில் போயின. நம் ஊரில் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

எனவே உங்கள் நிதியைத் தொழில் தொடங்க மட்டும் கொடுக்காமல், சங்கமே ஒடியலைப் பொறுப்பேற்று, பாதி விலையை முற்பணமாகக் கொடுத்து, மீதியை விற்றபின் கொடுக்கலாம். எந்தக் கடனுக்கும் கார்த்திகை, மார்கழியில் தவணை வைக்காதீர்கள். கோழியையும் ஒதுக்க வேண்டாம். குஞ்சைத் தை மாதத்தில் இறக்கி ஆவணிக்குள் பெரும்பகுதியை விற்றுவிட்டு, முட்டைக்கு நாலைந்தை மட்டும் உயரமான கூட்டில் வைத்திருக்கலாம். தையல் மெஷினை மேசைமேல் தூக்கி வைக்கலாம்தான், ஆனால் வெள்ளம் வந்த மாதத்தில் சட்டை தைக்க யார் வருவார்கள்?

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு கொப்பியில் மாதங்களைக் கோடு போட்டுப் பார்த்தேன்; நாங்கள் பேசிய ஐந்தில் மூன்றுக்கு மார்கழியில்தான் முதல் வெளியில் கிடக்கிறது. ஒரு சந்தேகம்: வளவில் மேடே இல்லாதவர்கள் கோயில் காணியில் பொதுப் பாத்தி போடலாமா?

பதில் 1 (ஒட்டுசுட்டான்):
தாராளமாகப் போடலாம், அக்கா. நாங்களும் அப்படித்தான் செய்கிறோம். ஆளுக்கொரு வரிசை என்று பிரித்து, வரிசைத் தலைப்பில் பெயர் எழுதிய தடியை ஆழமாக ஊன்றி விடுங்கள். மழையில் பெயர் அழியாதபடி பெயின்ற்றால் எழுத வேண்டும். கிழங்கு கிண்டும் நாளில் அதுதான் சண்டையைத் தடுக்கும்.