சென்னை டு லண்டன் போக ஆறரை மணி நேரம், வர பதினாலரையா?

நங்கநல்லூர்வாசி:
அம்மா முதல் தடவையா தனியா ஃப்ளைட் ஏறப்போறாங்க, ஆகஸ்ட்ல, சென்னைல இருந்து ஹீத்ரோ, டைரக்ட். டிக்கெட்ல காலைல 5:35க்கு கெளம்பி மதியம் 12:05க்கு போய் சேரும்னு இருக்கு. அப்பா அத பாத்துட்டு "ஆறரை மணி நேரம்தான், கோயம்புத்தூர் பஸ்ல போறதவிட கம்மி"ன்னு தெருவுக்கே சொல்லிட்டார். ரிட்டர்ன் மதியம் 1:45க்கு ஏறி மறுநாள் காலைல 4:15க்கு மீனம்பாக்கம், அது பதினாலரை வருது. தூரம் கிட்டத்தட்ட 8,230 கிலோமீட்டர், ப்ளேன் 900ல போகும்னா ஒன்பது மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. இதுல எது நெஜம்? அம்மாவுக்கு சுகர் இருக்கு, மாத்திரை டைம் பாக்கணும்.

ஜன்னல்_சீட்:
மூணுமே இல்ல. டிக்கெட்ல ரெண்டு ஊருக்கும் அந்தந்த ஊர் டைம்தான் போடுவாங்க. சம்மர்ல லண்டன் நம்மளவிட நாலரை மணி நேரம் பின்னாடி, குளிர்காலத்துல அஞ்சரை. அப்போ போக 11, வர 10. ஈஸி வழி ஒண்ணு சொல்றேன், ஆறரையையும் பதினாலரையையும் கூட்டி பாதியாக்குங்க, பத்தரை வரும், டைம் வித்தியாசம் தானா அடிபட்டு போயிடும்.

போரூர்_பாண்டி:
பூமி மேற்குல இருந்து கிழக்கால சுத்துதுல்ல, அப்போ மேற்கால போறப்பதான லண்டன் நம்ம பக்கம் வரணும், சீக்கிரம் போயிருக்கணுமே??

ஜன்னல்_சீட்:
@போரூர்_பாண்டி பூமியோட சேந்து காத்தும் சுத்துது தல, ஓடுற ட்ரெயின்குள்ள நடக்குற மாதிரிதான். விஷயம் ஜெட் ஸ்ட்ரீம். ப்ளேன் பறக்குற உயரத்துல மேற்குல இருந்து கிழக்க பாத்து அடிக்கிற காத்து, போறப்போ எதுத்து அடிக்கும், வர்றப்போ பின்னாடி இருந்து தள்ளும்.

பழைய_மேப்பு:
அந்த 8,230 உருண்டை மேல நூல் புடிச்சு அளந்த தூரம். அப்படி நேரா போனா பாகிஸ்தான், காஸ்பியன் கடல், தெற்கு ரஷ்யா, உக்ரைன்னு போகணும். 2022ல சண்டை ஆரம்பிச்சதுல இருந்து உக்ரைன் வான்வெளி மூடியிருக்கு, பிரிட்டிஷ் ப்ளேன் ரஷ்யா மேல போக முடியாது, அதனால தெற்கால வளைஞ்சுதான் போகும், கிலோமீட்டர் ஏறும். போதாததுக்கு டிக்கெட் டைம்ல ரன்வேக்கு உருண்டு போறது, எறங்க முன்னாடி ஹீத்ரோ மேல வரிசைல வட்டம் அடிக்கிறது எல்லாம் சேத்திதான். 900ஆல வகுக்குறது பள்ளிக்கூட கணக்குக்கு சரி.

மாமி_ஃப்ரம்_மேற்கு_மாம்பலம்:
கணக்கெல்லாம் இருக்கட்டும்ப்பா. 5:35 ஃப்ளைட்டுன்னா ரெண்டரைக்கே ஏர்போர்ட்ல நிக்கணும், அந்த நேரத்துல மெட்ரோ கெடையாது, வண்டி முன்னாடியே சொல்லி வை. மாத்திரையும் சீட்டும் கைப்பைல இருக்கட்டும், பெரிய பொட்டில போட்டுடாதீங்கோ. எந்த மாத்திரை எப்போன்னு டாக்டர்கிட்ட கேட்டு எழுதி வாங்கிக்கோ, இன்சுலின் போடறவான்னா கண்டிப்பா கேக்கணும். நான் போனப்போ எறங்கற வரைக்கும் வாட்ச்ச மாத்தவே இல்ல, இந்தியா டைம்லயே சாப்ட்டேன், கொழப்பமே இல்ல.

நங்கநல்லூர்வாசி:
எல்லாருக்கும் தேங்க்ஸ். மாமி சொன்னத அப்படியே அம்மாவுக்கு ஃபார்வர்ட் பண்ணிட்டேன். அப்பாகிட்ட 11 மணி நேரம்னேன், "அப்போ டிக்கெட்ல தப்பா அடிச்சிருக்கான், ஏஜென்ட்டுக்கு போன போடு"ங்கறார்.